முழுப் பதிவையும் அனுப்பவும்

பிரிக்பீல்ட்ஸ்,
2 மார்ச் 2024

அன்பு மருமகள் லோகேஸ்வரிக்கு,

உன் தாய்மாமன், ஜாலான் ஸ்காட் சந்துகளின் ஏக சக்கரவர்த்தி, செத்த கணினிகளை எழுப்பி நடக்கவிடும் தன்வந்திரி, கன்னையா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீ நலமா என்று கேட்பேன். 'அங்கே' எங்கே என்று கேட்கமாட்டேன். நீயும் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியாத ஒன்றை, என்னைத் தலைகீழாகக் கட்டி மிளகாய்ப் புகை போட்டாலும் எவனும் பிடுங்க முடியாது.

முதல் செய்தி, நம் அஞ்சலகம் திறந்தாயிற்று. பெரிய கம்பெனிக்காரன் எவன் தயவும் நமக்கு வேண்டாம். கடையில் உதிரிப் பாகங்கள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் திரை உடைந்த பழைய மடிக்கணினி ஒன்று கிடந்ததே, அதை ஓட்ட ஓப்பன்பிஎஸ்டி ஏற்றியிருக்கிறேன். காசு கேட்காத அமைப்பு. உலகத்தின் சந்தேகப் பிராணிகளெல்லாம் ஒன்றுகூடி, பெற்ற தாயையும் நம்பாமல், ஒவ்வொரு வரியாகப் படித்துச் செதுக்கியது. அதன் சின்னம் முள் விரித்த பேத்தை மீன். தொட்டவன் கதி அவ்வளவுதான். ஏழு கடல் கொள்ளைக்காரர்களும் சேர்ந்து வந்தாலும் என் மீனின் ஒரு முள்ளைக்கூடப் பெயர்க்க முடியாது.

இனி உன் கடிதங்கள் அந்த மீனின் வாய்வழியாக எனக்கு வரும். நீ எந்த இணைப்பிலிருந்து அனுப்பினாய் என்று காட்டும் எண்ணைக் கடிதத்திலிருந்து சுரண்டி எறியச் சொல்லிவைத்திருக்கிறேன். எவன் பிரித்துப் பார்த்தாலும் நீ நிலாவில் இருக்கிறாயா, பக்கத்து ஊர் நீலாயில் இருக்கிறாயா என்று தெரியாது. நான் கொடுத்த யூஎஸ்பியில் இருப்பது லினக்ஸ். எந்தக் கணினியில் செருகினாலும் ஓடும். பிடுங்கினால் நீ வந்து போன சுவடே அங்கே இருக்காது.

இன்னொரு பெட்டியில் கடைக் கணக்குக்காக அதன் பங்காளி ஃப்ரீபிஎஸ்டி ஓடுகிறது. அதற்குச் சின்னம் சூலம் பிடித்த சிவப்புக் குட்டிச் சாத்தான். லேப்டாப் பழுது பார்க்க வந்த ஒரு ஆன்டி அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, யாரோ செய்வினை வெச்சிருக்கான் அண்ணே!" என்று பைக்குள்ளிருந்து திருநீறு எடுத்துப் பூசிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை.

இரண்டாவது செய்தியைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். உன் புருஷன் ஜீவன் கடைக்கு வந்தான்.

"அங்கிள், லோகா எங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்லா."

"ஒண்ணும் பண்ணாதவன் பொண்டாட்டி கையில எதுக்குடா மாவுக்கட்டு?"

சிரித்தான். "நான் தேடுவேன் அங்கிள். எனக்கு அவசரமில்ல."

ஜோகூர் பக்கம் போய்விட்டாய் என்று புளுகினேன். நம்பினானோ என்னவோ. கோர்ட்டில் நீ வாங்கிய பாதுகாப்பு உத்தரவை அவன் காகிதக் கப்பலாக்கி விட்டுவிட்டான் என்று தோன்றுகிறது. அவன் வேறு நம் கணினி பாஷை தெரிந்தவன். கம்பெனிகளுக்கு நெட்வொர்க் கட்டிக் கொடுக்கிற வேலை. இலவச அமைப்புக்காரர்களின் மாதக் கூட்டத்தில் என்னோடு டீ ஆறும்வரை வாதாடியவன். ஆனாலும் மீனிடம் அவன் பாச்சா பலிக்காது.

உன் அம்மா கிள்ளானில் சௌக்கியம். அவன் வந்தால் இன்னும் கேசரி கிண்டிக் கொடுக்கிறாள். "ஆம்பளைன்னா கோவம் இருக்கும்டா" என்கிறாள். கூடப்பிறந்த அக்காவைத் திட்டக் கூடாது. திட்டிவிட்டேன்.

உன் மாமன்,
பேத்தை மீன் வளர்ப்போன்,
கன்னையா


9 மார்ச்

அன்புள்ள மாமா,

ஊர் பெயர் போடவில்லை. நீங்கள் சொன்னபடியே.

கை தேவலை. பாட்டில் மூடி திறக்க மட்டும் இன்னும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது. ஒரு ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. தங்கியிருக்கும் அறையில் இணையம் இல்லை, ஆபீஸில்தான் உண்டு. மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் உங்கள் யூஎஸ்பியைச் செருகி எழுதுகிறேன். கூட வேலை செய்யும் ஒரு அக்காதான் அறையும் கொடுத்து, மோட்டாரில் ஏற்றிக்கொண்டும் வருகிறார். நல்லவர். கேள்வி கேட்பதில்லை.

பின்னால் ஒரு கார் மெதுவாக வந்தால் போதும், அக்காவின் முதுகில் முகத்தை வைத்துக்கொள்கிறேன்.

அம்மாவைத் திட்டாதீர்கள். அவர் வளர்ந்த விதம் அப்படி. ஆனால் அம்மா குரல் கேட்காமல் இருப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது. வாரம் ஒருமுறையாவது அவரைப் பற்றி எழுதுங்கள். என்ன சமைத்தார், யாரோடு சண்டை போட்டார், எதுவானாலும் சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த அஞ்சல் பெட்டியைப் பற்றி யாரிடமும் பெருமை பேசாதீர்கள். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் கேட்கிறேன். அவன் கண்டுபிடித்தால் இந்தமுறை கையோடு நிற்காது.

அன்புடன்,
லோகா


பிரிக்பீல்ட்ஸ்,
5 மே 2024

அன்பு மருமகள் லோகேஸ்வரிக்கு,

வெற்றி! முரசு கொட்டு! ஐந்து கண்டங்களும் திரண்டு வந்து உன் மாமனின் கோட்டைக் கதவைத் திறந்து கொடுத்துவிட்டன!

முதலில் அம்மா செய்தி. பயப்படாமல் படி. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்து ஆபரேஷன் முடிந்து, இப்போது எழுந்து உட்காருகிறாள். சோற்றில் உப்பில்லை என்று நர்ஸ்களை நாற்பது திசைக்கும் விரட்டுகிறாள் என்றால் பிழைத்துவிட்டாள் என்று அர்த்தம்.

ஆனால் அந்த முதல் வாரம் இருக்கிறதே லோகா. மயக்கத்தில் உன்னைத்தான் கூப்பிட்டாள். உனக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். இல்லை. பிறகுதான் மீனின் பதிவைத் திறந்து பார்த்தேன். பதிவு என்றால், யார் எப்போது கதவைத் தட்டினார்கள் என்று இயந்திரம் தானாகவே குறித்துவைப்பது. நாங்கள் லாக் என்போம். அதில் உன் கடிதங்கள் வாசல்வரை வந்து, உள்ளே விடப்படாமல் திரும்பிப் போயிருக்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாக!

நடந்தது இதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓப்பன்பிஎஸ்டியில் புதிய பதிப்பு வரும். ஏற்றாமல் விட்டால் ஓட்டை விழும். ஏற்றினேன். ஏற்றும்போது மூக்குக்கண்ணாடி மண்டைமேல் இருந்திருக்கிறது, ஏதோ ஒரு வரியை நானே கெடுத்திருக்கிறேன். எந்த வரி என்று தேடித் தேடி என் மிச்ச முடியும் கொட்டியது. அங்கே அக்கா உன் பெயரைச் சொல்லி முனகுகிறாள். அவள் போய்விட்டால் உனக்கு எப்படித் தெரியும்? பிள்ளை வராமலே கொள்ளி வைப்பதா?

அதனால் மடல்குழுவில் கேட்டேன். இந்த அமைப்பை வைத்திருக்கிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் இடம் அது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். போட்டது போட்டபடி என்றைக்கும் இருக்கும். நான் ஜாக்கிரதையாக, லாக்கில் பாதியை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். உடனே பனிநாட்டு ஆசாமி ஒருவன் பாய்ந்தான்: "வெட்டிய பதிவு குப்பைக்குச் சமம். முழுப் பதிவையும் அனுப்பவும்." என்னை! நேற்றுப் பிறந்த பொடியனிடம் பேசுவதுபோல! அவன் பாட்டன் பல் விளக்குவதற்கு முன்பே இந்த அமைப்புகளுக்கெல்லாம் தாயான யூனிக்ஸைப் பார்த்தவன் நான். ரோஷம் வந்துவிட்டது. உன் பெயரை மாற்றினேன், என் பெயரை மாற்றினேன், மற்றதெல்லாம் ஒரு புள்ளி குறையாமல் தூக்கிப் போட்டேன். டீ குடித்து முடிப்பதற்குள் பதில் வந்தது. ஒரே ஒரு வரி! அதைத் திருத்தினேன், கதவு திறந்தது.

இந்த ஒற்றுமை எந்த மதத்தில் உண்டு, எந்தக் கட்சியில் உண்டு, சொல். முகம் தெரியாத மனிதர்கள், கால் காசு வாங்காமல், ஒரு மாமனையும் மருமகளையும் சேர்த்து வைத்தார்கள்.

இது கிடைத்ததும் ஒரு வரி எழுது.

உன் மாமன்,
ஐந்து கண்டங்களின் செல்லப்பிள்ளை,
கன்னையா


8 மே

அன்புள்ள மாமா,

கிடைத்தது. என் கடிதங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தபோது உங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஜீவன் உங்களை ஏதும் செய்துவிட்டானோ என்று தூக்கமில்லை.

அம்மாவைப் பார்க்க ஓடிவர வேண்டும்போல் இருக்கிறது. வரமாட்டேன். அவன் அந்தக் கட்டில் பக்கத்திலேயே ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், எனக்குத் தெரியும். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்:

அம்மா, நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இங்கே மதியத்தில் நல்ல கடல் காற்று. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ நடக்க ஆரம்பித்ததும் மாமாவிடம் சொல்லி எழுதச் சொல்.

அன்புடன்,
லோகா


27 மே

மாமா,

அவன் வந்துவிட்டான்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை, அதனால் எழுதுகிறேன். நான் இருந்தது காப்பாரில். கருவாடும் இறாலும் பொட்டலம் கட்டி அனுப்பும் ஒரு கம்பெனி. இன்று காலை கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், முன்பக்கத்தில் அவன் குரல் கேட்டது. சத்தமெல்லாம் போடவில்லை. அவன் எப்போதும் வெளியாட்களிடம் சத்தம் போடுவதில்லை.

"இங்க லோகேஸ்வரி வேலை செய்றாங்கல்ல அக்கா? நான் அவங்க ஹஸ்பன். காலையில சாப்பிடாம வந்துட்டாங்க. நாசி லெமாக் கொண்டாந்திருக்கேன்."

ருக்கையா அக்கா, நான் சொன்னேனே அறை கொடுத்தவர், அவர்தான் முன்னால் இருந்தார். "அப்படி யாரும் இல்ல தம்பி. இங்க இருக்கிறது நானும் இறாலும்தான்."

"பரவால்லக்கா. நான் வெயிட் பண்றேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. நான் ஐஸ் அறை வழியாகப் பின்னால் போய்விட்டேன். செருப்புகூடப் போடவில்லை. அக்காவின் மகள் மோட்டாரில் ஏற்றி, செம்பனைத் தோட்டத்துக்குள் விட்டு ஓட்டினாள். அவன் மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருந்தானாம். போகும்போது சாப்பாட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "அவங்களுக்குப் பசிக்கும்" என்றானாம்.

என் கையை உடைத்த அன்றும் அவன்தான் எனக்கு ஊட்டிவிட்டான் மாமா.

இதை அக்காவின் சொந்தக்காரர் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நாளைக்கு இங்கே இருக்கமாட்டேன். எப்படித் தெரிந்தது அவனுக்கு? நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்கூடச் சொல்லவில்லையே.

லோகா


பிரிக்பீல்ட்ஸ்,
28 மே 2024

லோகா, என் கண்ணே,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ பத்திரமாக இருக்கிறாயா? ஒரு எழுத்துப் போடு. 'ம்' என்று போட்டாலும் போதும்.

மீனின் வயிற்றைக் கிழித்து ஒவ்வொரு முள்ளாக எடுத்துப் பார்த்துவிட்டேன். எவனும் உள்ளே வரவில்லை. தட்டிப் பார்த்தவர்கள் லட்சம் பேர், எப்போதும் தட்டுகிற வெளிநாட்டுப் பொறுக்கிகள்தான். ஒருவனும் நுழையவில்லை. இதை நான் எந்தக் கோயிலிலும் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணுவேன். என் கோட்டை உடையவில்லை.

அப்படியென்றால் மிச்சம் ஒருத்திதான். உன் அம்மா. 'கடல் காற்று' என்று எழுதியிருந்தாயே, அதை நான் வாசித்துக் காட்டியதும் அவனிடம் ஒப்பித்திருப்பாள். கடலோரம் என்றால் அவனுக்குத் தேட எத்தனை நாளாகும்?

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"நீதானே சொன்னே? கேசரி கிண்டிப் போட்டப்பவே எனக்குத் தெரியும்! பெத்த பிள்ளையக் காட்டிக் குடுத்துட்டியே!"

"எனக்கே தெரியாதுடா கன்னையா. எனக்கு யாரு சொன்னா?"

"கடல்னு சொன்னியா இல்லியா?"

"அவன் எதுவும் கேக்கலடா. போன வாரத்துல இருந்து அவன் இங்க வர்றதே இல்ல." அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள். நர்ஸ் வந்து, "அங்கிள், வெளிய போங்க" என்று கையைப் பிடித்து அனுப்பிவிட்டாள்.

நான் விடப்போவதில்லை. நீ கவலைப்படாதே. புதிதாக இன்னொரு இயந்திரம் கட்டுகிறேன், இதைவிடப் பத்து மடங்கு பலமாக. அம்மாவுக்கு இனி ஒரு வரியும் வாசித்துக் காட்டமாட்டேன்.

உன் மாமன்,
கன்னையா


2 ஜூன்

அன்புள்ள மாமா,

இதைத் தாளில் எழுதுகிறேன். லோரி ஓட்டும் ஒருவரிடம் கொடுத்து, அவர் போகிற ஏதோ ஓர் ஊரில் தபால் பெட்டியில் போடச் சொல்லப்போகிறேன். முத்திரையில் உள்ள ஊரைப் பார்த்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். அவர் இல்லை.

நீங்கள் மீனின் வயிற்றில் தேடினீர்கள். நான் வெளியே தேடினேன். ருக்கையா அக்காவின் போனை வாங்கி, எங்கள் ஆபீஸின் இணைய எண்ணைத் தேடலில் போட்டுப் பார்த்தேன். முதலில் கம்பெனிப் பெயர் வந்தது. காப்பார் முகவரியோடு. இரண்டாவதாக, மடல்குழுவில் நீங்கள் போட்ட மடல் வந்தது.

மாமா, கடிதத்திலிருந்து என் எண்ணைச் சுரண்டி எறிந்தீர்கள். லாக்கில் அது அப்படியே இருந்தது. நீங்கள் பெயர்களை மட்டும் மாற்றிவிட்டு, முழுப் பதிவையும் உலகத்துக்கு முன்னால் வைத்தீர்கள். எந்த எண், எந்த நாள். எல்லாம் மதிய நேரம். மடலின் கீழே, பழக்கதோஷத்தில், நீங்கள் எப்போதும் போடுகிற கையெழுத்தைப் போட்டிருக்கிறீர்கள்: 'கன்னையா, பிரிக்பீல்ட்ஸ்'. அவன் எதையும் உடைக்கவில்லை. உடைக்க வேண்டியிருக்கவில்லை. நீங்கள் என்றாவது எங்காவது பேசுவீர்கள் என்று உங்கள் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அழிக்கச் சொல்லி அவர்களுக்கு எழுதுவீர்கள் என்று தெரியும். வேண்டாம். அதற்குப் பல நாடுகளில் நகல் இருக்கிறது. எழுதினால் அதையும் அவன் படிப்பான்.

நீங்கள் ஏன் செய்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது. அம்மா என்னைக் கூப்பிட்டார், என் கடிதம் வரவில்லை, உங்களால் சும்மா உட்கார முடியவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தால்தான் சுலபமாக இருந்திருக்கும். கோபம் இல்லை மாமா. நீங்கள் எனக்கு உதவி செய்யும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

இனி எழுதமாட்டேன். புது இயந்திரம் கட்ட வேண்டாம். பழையதை நிறுத்திவிடுங்கள். ருக்கையா அக்கா பெயரையும் மறந்துவிடுங்கள். அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

லோகா


பிரிக்பீல்ட்ஸ்,
13 ஜூலை 2024

லோகா,

இது உனக்கு வராது. இணைய வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன். வேறு எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை போகிறாள். மன்னிப்புக் கேட்டேன். காலிலேயே விழுந்தேன். "எழுந்திரு, இடுப்புப் பிடிச்சுக்கும்" என்றாள். உன்னைப் பற்றி அவள் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

நீ போனதற்கு அடுத்த சனிக்கிழமை ஜீவன் கடைக்கு வந்தான். அதிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் வருகிறான். அன்றைக்கு உள்ளே வந்ததும், "என்ன அங்கிள், புதுசா ஏதாச்சும்?" என்றான்.

நான் குனிந்து ஒரு பெட்டியின் திருகைக் கழற்றினேன்.

"கோவமா? நீங்க இல்லன்னா எனக்கு யாரு ஹெல்ப் பண்றது அங்கிள்? நீங்கதான் பெஸ்ட்லா." தோளைத் தட்டினான்.

ஸ்குரூடிரைவர் கையில்தான் இருந்தது. அவன் கழுத்தைப் பார்த்தேன். அப்போதுதான் அவன் கேட்டது உள்ளே இறங்கியது. புதுசா ஏதாச்சும். கேட்கிறான் என்றால் அவனிடம் இல்லை. என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்றால், உன் வாசலில் அவன் உட்கார்ந்திருக்கவில்லை.

ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, கீழ்க்கடையில் அவனுக்கு நுரை பொங்க ஒரு தே தாரிக் டீ சொன்னேன்.

அன்றிலிருந்து அவனோடு பேசுகிறேன். ஃப்ரீபிஎஸ்டியா லினக்ஸா என்று சண்டை போடுகிறேன். தோற்கிறேன். டீக்குத் தொட்டுக்கொள்ளக் கறி பாஃப் வாங்கிக் கொடுக்கிறேன். எழுந்தால், "இருடா, இந்தப் பெட்டி ஏன் ஆன் ஆக மாட்டேங்குதுன்னு பாரு" என்று நானே வயரைப் பிடுங்கிவைத்த பெட்டியைக் காட்டுகிறேன். அவனும் குனிந்து பார்க்கிறான். என் வாயிலிருந்து ஏதாவது விழும் என்று அவன் காத்திருக்கிறான். அவன் கேள்வியைக் கேட்கட்டும் என்று நான் காத்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மாமனும் மருமகனும் என்னமாய் ஒற்றுமை என்று நினைப்பார்கள்.

போன சனிக்கிழமை மழை. தெருவெல்லாம் வெள்ளம். வழக்கமான நேரம் போய்விட்டது, அவனைக் காணவில்லை. வந்த வாடிக்கையாளரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சால்டரிங் கம்பியை விரலில் வைத்துக்கொண்டேன், சுட்டதுகூட உறைக்கவில்லை. பிறகு கீழே அவன் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கடவுளே, எனக்கு உயிர் வந்தது. உன் கையை உடைத்தவனை, மாடிப்படி இறங்கிப்போய்க் குடை பிடித்து, "ஏன்டா இவ்ளோ லேட்டு?" என்று கூட்டிவந்தேன்.

இன்றும் சனிக்கிழமை. அவனுக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டேன்.

மாமா